ரொசெல்லாவின் ஊரில் தங்கிவிட்ட ஜெசிந்தா

ஜெசிந்தா போய்விட்டாள். இத்தாலியில். தம்பி வீட்டில் படுத்தவள் காலையில் எழுந்திருக்கவே இல்லையாம்.

அடக்கமும் அங்கேயேதானாம். அவள் தம்பி போனில் சொன்னபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது... நான் பார்க்காத ஊரில், நான் பார்க்காத ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நானும் ஜெசிந்தாவும் தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு க்ளியரிங் ஏஜென்சியில் அடுத்தடுத்த சீட். கப்பல் சரக்குக்குப் பேப்பர் போடுகிற வேலை. ஒன்றாகச் சேர்ந்தோம், ஒன்றாகவே ரிட்டையர் ஆனோம்.

அவள் தம்பி சாமியார். வட இத்தாலியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மலைக்கிராமத்தில் பங்குக்குரு. போன வருஷம் "ரெண்டு பேரும் வாங்கக்கா, திராட்சை பறிக்கிற நேரம் வந்தா ஊரே அழகா இருக்கும்" என்று கூப்பிட்டிருந்தார். இருவரும் பாஸ்போர்ட் எடுத்தோம். நான் ஸ்வெட்டர்கூட வாங்கினேன்... தூத்துக்குடியில் ஸ்வெட்டர்!

விசாவுக்குப் போகவேண்டிய வாரத்தில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. பைபாஸ்.

"எனக்காகப் பாக்காத, நீ கிளம்புளா" என்றேன். வாய்தான் சொன்னது.

அங்கிருந்து வந்த முதல் போன்.

"ஏளா, இங்கன மலைக்கு ஒரு திராட்சை, திராட்சைக்கு ஒரு ஒயின். பார்பெரான்னு ஒண்ணு, நல்ல புளிப்பு. தோல்செத்தோன்னு ஒண்ணு. தோல்சேன்னா இனிப்புன்னு தம்பி சொல்லுதான், வாயில வச்சா துவர்க்குது. கிரின்யோலினோன்னு இன்னொண்ணு, ரோஸ்மில்க் எசன்ஸ் கலர். குடிச்சா நாக்கு ஒட்டிக்கிடுது. பக்கத்து ஊர் ஒயினைச் சொன்னா இந்த ஊர்க்காரங்க மூஞ்சியச் சுளிக்காங்க!"

"எல்லாம் ஒயின்தானளா?" என்றேன், வேண்டுமென்றே.

"எல்லாம் கருப்பட்டிதானன்னு உங்க கடையில வந்து சொன்னா, உங்க அப்பா விடுவாங்களா?"

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அப்பா கருப்பட்டி வியாபாரி. எது உடன்குடி, எது வேம்பார், எதில் சீனி கலந்திருக்கிறது... ஒரு கடி கடித்தாலே சொல்லிவிடுவேன். ஜெசிந்தாவோ ஊசிப்போன சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு "நல்லாத்தானளா இருக்கு" என்பவள்.

அந்த நாக்கு இத்தாலியில். இந்த நாக்கு இங்கே தூத்துக்குடி மில்லர்புரத்தில், உப்பில்லாத கஞ்சிக்குப் பதம் பார்த்துக்கொண்டு.

பிறகு போட்டோக்கள் வர ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் ரொசெல்லா. பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் வயதுதான், சொந்தமாகத் திராட்சைத் தோட்டம். இவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஒயின் ருசி காட்டியிருக்கிறாள். ஒரு போட்டோவில் ஆளுக்கொரு கிளாஸோடு, தோளில் கை போட்டுக்கொண்டு...

லைக் போட்டேன். ஹார்ட் போடவில்லை.

திரும்பி வந்ததும் ஒரு பாட்டில் பார்பெராவோடு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு இரண்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "என்ன வாடை அது?" என்றார்.

"கஷாயம் அண்ணாச்சி!" என்றாள்.

ஒரு வாய் குடித்தேன்.

"சொல்லுளா, என்ன தெரியுது?"

"முதல்ல நாவப்பழம். அப்புறம் புதுப்புளி. கடைசியில... மழை விழுந்த செம்மண்ணு."

தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "ரொசெல்லாவும் இதத்தான் சொன்னா. பழம்பா, புளிப்பும்பா, மண்ணும்பா. நானும் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன். போன்ல உனக்குச் சொன்னதும் அவ சொன்னதுதான். உண்மையில எனக்கு ஒரு மண்ணும் தெரியலளா."

பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டினாள்.

"எனக்கு உன்னப் பாத்தா பொறாமையா இருக்கு."

உனக்கா... என்று கேட்க வந்தேன். டம்ளரை நீட்டினேன், இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

அடுத்த தடவை சேர்ந்து போவோம் என்று பேசி வைத்திருந்தோம். இந்த வருஷமும் இவரைத் தனியே விட முடியவில்லை. அவள் மட்டும் போனாள்.

இன்று மதியம் தம்பி மறுபடி கூப்பிட்டார். வீடியோ கால்.

"எக்கா, அக்காவுக்குச் சேலை கட்டணும். இங்கன யாருக்கும் தெரியாது. நீங்க சொல்லிக் குடுத்தா ரொசெல்லா கட்டுதேன்னு சொல்லுதாங்க."

பெட்டியில் இருந்த சேலைகளைக் காட்டினார். மாம்பழக் கலர் என்றேன். யோசிக்கவே இல்லை.

போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் இத்தாலியனில் சொன்னார். ரொசெல்லாவுக்கு உதவியாக அவள் மகள். நான் இங்கே ஒரு சேலையை எடுத்து என் இடுப்பில் செருகிக் காட்டினேன். ரொசெல்லா பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

முதல் தடவை கொசுவம் அவிழ்ந்துபோனது. அழுதுகொண்டே மறுபடி மடித்தாள். மண்ணில் வேலை செய்த தடித்த விரல்கள். ஆனாலும் அவ்வளவு மெதுவாக...

அந்த விரல்கள்மேல் எனக்கு வந்த பொறாமையை எப்படிச் சொல்ல?

முந்தானையைத் தோளில் பின் குத்தியதும் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"சரியா இருக்கான்னு கேக்காங்கக்கா" என்றார் தம்பி, திரும்பாமலே.

"கணுக்கால் தெரியுது. கொஞ்சம் இறக்கிவிடச் சொல்லுங்க. அவளுக்குப் பிடிக்காது."

இறக்கிவிட்டாள்.

அழகா இருக்களா ஜெசிந்தா... தூங்கு.