பாம் ஷெல்டரில் நான்கு வியாழக்கிழமைகள்

சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டில் ஒரு ஆள் தனியாகக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டே இடம்தான். ஒன்று கழிப்பறை. அதில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் அண்ணன் கதவை உடைத்துவிடுவான். இன்னொன்று பாம் ஷெல்டர். போர் வந்தால் குடும்பத்தோடு பதுங்குவதற்கென்று வீட்டுக்குள்ளேயே கட்டிக் கொடுத்திருக்கும் சின்ன அறை அது. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. எங்கள் வீட்டில் அரிசி மூட்டையும் ஊருக்குப் போகும் பெட்டிகளும் அதில்தான் இருந்தன. கிருமிக்குப் பயந்து எல்லாரும் வீட்டோடு கிடந்த அந்த மாதங்களில், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நானும் அங்கே இருந்தேன்.

வீடு சந்தைக்கடை மாதிரி இருக்கும். அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங்கில் கத்திக்கொண்டிருப்பான். தங்கைக்கு எங்கள் அறையிலேயே பள்ளிக்கூடம். அப்பா பஸ் ஓட்டுபவர், அவர் மட்டும் வேலைக்கு வெளியே போய்வந்தார். அம்மா வேலை பார்த்த லிட்டில் இந்தியா புடவைக் கடையை மூடிவிட்டார்கள், அதனால் அவளும் வீட்டில். இத்தனை பேர் நடுவில் எனக்குப் பேச ஆளில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. என்ன திமிர் உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் அப்போது எனக்கு இரண்டாம் வருடம். முதல் வருடம் கேன்டீனில் என்கூட உட்கார்ந்தவர்கள் எல்லாம் திரையில் பெயர்களாகிவிட்டார்கள். வகுப்பு தொடங்கியதும் கேமராவை அணைத்துவிட்டுக் கட்டிலில் படுத்துவிடுவேன். ஹெட்போனில் விரிவுரையாளர் பேசிக்கொண்டே இருப்பார். இரண்டு மாதமாக ஒரு அசைன்மென்ட்கூடக் கொடுக்கவில்லை. அதைக்கூட விடுங்கள். காலையில் கண் விழித்ததும், அடச்சே, விழித்துவிட்டோமே என்று இருந்தது. தினமும் அதேதான். வெளியே சொல்ல முடியாமல் நெஞ்சில் கிடந்தது அதுதான்.

பல்கலைக்கழகம் ஒரு படிவம் அனுப்பியிருந்தது. மனநல ஆலோசகரிடம் பேச விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். ஆம் என்று தட்டிவிட்டேன். வியாழன்தோறும் போனில் வீடியோவில் பேச வந்து சேர்ந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. கிழிஞ்சது போ! நம் ஆட்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? யாரைத் தொட்டாலும் யாருக்காவது சித்தியாக இருப்பார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரகசியத்தைக் காப்பது அவர் தொழில் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் பயந்தேன்.

அதோடு அந்த இரும்புக் கதவு வேறு. அதைச் சாத்தினால் உள்ளே சிக்னல் தடுமாறும். ஒரு சாண் திறந்து வைத்தால்தான் லைன் ஒழுங்காக நிற்கும், திறந்து வைத்தால் சமையலறை வரை கேட்கும். வீட்டில் டுட்டோரியல் வகுப்பு என்று சொல்லி வைத்திருந்தேன். ஆகவே முதல் மூன்று வியாழக்கிழமையும் டுட்டோரியல் மாதிரியே பேசினேன்.

“தூக்கம் எப்படிம்மா இருக்கு?”

“ஓகே லா மிஸ்.”

“சாப்பாடு?”

“அதெல்லாம் ஓகே மிஸ்.”

பாவம், அவரும் எத்தனை விதமாகத்தான் கேட்பார்.

மூன்றாவது வாரம் அம்மா என்னைக் கறிவேப்பிலையும் பூவும் வாங்கிவர லிட்டில் இந்தியாவுக்கு அனுப்பினாள். அங்கே இருக்கும் சிராங்கூன் ரோட்டை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் தோள் இடிக்காமல் நடக்க முடியாத தெரு, அன்றைக்கு ஈ காக்காய் இல்லை. வெளிநாட்டு ஊழியர்கள் எல்லாம் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். பூக்காரர் முழம் போட்டுக் கொடுத்துவிட்டு, “தனியாவாம்மா வந்தீங்க? பாத்துப் போங்க” என்றார். சாதாரணப் பேச்சு. மீதிச் சில்லறையை வாங்காமலே நடந்துவிட்டேன்.

ரயிலில் திரும்பும்போது ஈசூனில் நான் இறங்கவில்லை. இறங்கவேண்டும் என்று தெரியும், உடம்பு எழவில்லை. உட்லண்ட்ஸ் போனது, அதற்கு அப்பாலும் போனது, கடைசி நிறுத்தம் வரை போய் அதே ரயிலில் திரும்பி, மறுபடி ஈசூனைத் தாண்டினேன். மூன்று மணி நேரம். ஒருவர்கூட என்னவென்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது, கடையில் வரிசை நீளமா என்று மட்டும் அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்குத்தான் எனக்கு என்னைப் பார்த்தே பயம் வந்தது. அடுத்த வியாழன் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான்காவது வியாழன். கதவை இழுத்துச் சாத்தினேன். போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. படம் வராவிட்டால் போகட்டும், குரல் போனால் போதும். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, “மிஸ், ஒண்ணு சொல்லணும்” என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்று கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரயிலைச் சொன்னேன், காலையைச் சொன்னேன். மூக்கு ஒழுக ஒழுகப் பத்து நிமிடம் பேசியிருப்பேன்.

கண்ணைத் திறந்தால், திரையில் அவர் பாதி வாய் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்கிறார். லைன் எப்போதோ செத்துவிட்டது. என் வாழ்நாளில் முதல் தடவை உண்மை பேசுகிறேன், கேட்டது அரிசி மூட்டை! சிரிப்பு வந்தது. பிறகு அப்படி ஒரு ஆத்திரம். கதவை எட்டி உதைத்துத் திறந்தேன்.

திறந்த உடனே போன் அடித்தது, அவர்தான். “லைன் போயிடுச்சும்மா. ஒண்ணு சொல்லணும்னு சொன்னீங்க, அதுக்கப்புறம் எதுவும் கேக்கல. நான் இருக்கேன், சொல்லுங்க.”

எதிரே மேசையில் அண்ணன். சமையலறையில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினால் அவருக்குக் கேட்காது, திறந்தால் எல்லாருக்கும் கேட்கும். இன்னொரு வாரத்தை என்னால் தாங்க முடியாது என்று அந்த நிமிடம் தெரிந்தது. நின்றபடியே, சாதாரணக் குரலில் சொன்னேன். “மிஸ், காலையில எந்திரிக்கவே பிடிக்கல. எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது. பயமா இருக்கு.”

அண்ணன் ஹெட்போனைக் கழற்றினான். அம்மா வந்து, பூண்டு வாசனையோடு என் கையைப் பிடித்தாள். போனைக் கேட்டு வாங்கினாள்.

“மிஸ், எம்பொண்ணு சரியாயிடுவாளா?”

“வாய்விட்டுச் சொல்லிட்டாங்கல்லம்மா. இனிமே சேர்ந்து பாத்துக்கலாம். இன்னைக்கே டாக்டர்கிட்டயும் பேசுறேன். அவங்களத் தனியா விடாதீங்க.”

அம்மா தலையாட்டினாள். போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அண்ணனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். “மிஸ், இப்படி உங்ககிட்ட பேசுறது படிக்கிற பிள்ளைங்களுக்கு மட்டுமா? எனக்கும் கடை மூடினதுலேர்ந்து காலையில அப்படித்தான் இருக்கு.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. “ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்று கத்தினேன்.

“நீ கிளாஸ்ல இருந்த. படிக்கிற பிள்ளையத் தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டேன்” என்றாள்.