மூடியைத் திறக்காதீர்கள்

கனகவல்லி இறந்த செய்தி எங்கள் துறைக்கு அரைநாள் விடுமுறையாகத்தான் வந்து சேர்ந்தது. மாரடைப்பு என்றார்கள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அறிவிப்பைப் படித்த இருவர், நாளைக்கும் விடுமுறை உண்டா என்று விசாரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொள்ளேகாலத்து விவசாயக் குடும்பத்திலிருந்து மைசூருக்கு வந்து, உயிர்வேதியியல் துறையில் என் பக்கத்து அறையில் வேலை செய்தவர் அவர். இரங்கல் கூட்டத்தில் துறைத்தலைவர் நெடுநேரம் பேசினார். நேரம் தவறாதவர், மேசையைச் சுத்தமாக வைத்திருப்பவர் என்றார். என்ன ஆராய்ச்சி செய்தார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்லலாம் என்று நான் எழுந்தேன், தேநீர் வந்துவிட்டது. அவரை அறிந்தும் அவர் ஆராய்ச்சியை அறியாத உங்களுக்காக இங்கே சொல்கிறேன்.

டிஎன்ஏ என்றால் பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் இழை என்று நாங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அவருக்கு அது கட்டுமானப் பொருள். எந்த இழை எதோடு ஒட்டும் என்பது அதன் எழுத்து வரிசையிலேயே இருக்கிறது. வரிசையைச் சரியாக வகுத்துவிட்டால் இழைகள் தாமாகவே கூடி, நாம் நினைத்த வடிவத்தில் நிற்கும் என்பார். ஊதுவத்திக் குச்சிகளைச் சைக்கிள் வால்வ் டியூப்பில் செருகி ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் செய்து காட்டினார். விரலால் தள்ளினால் சதுரம் சாய்ந்தது, முக்கோணம் அசையவில்லை. அதனால் டிஎன்ஏ இழைகளைக் கொண்டு, முக்கோணங்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத ஒரு கூண்டை வடிவமைத்தார். அதற்குள் மருந்தை வைத்து அனுப்பலாம், படிகமாக உறையாததால் உருவம் தெரியாமல் போகும் புரதத்தை உட்கார வைத்து அதன் உருவத்தைப் பார்க்கலாம் என்பதெல்லாம் அவர் கனவு. குழந்தை விளையாட்டு என்றார் துறைத்தலைவர்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த இழைகளைச் சிறு குழாய்களில் கலந்து, கொதிநீர் நிரப்பிய தெர்மோகோல் பெட்டியில் வைத்து மூடிவிடுவார். மெல்ல ஆறினால்தான் ஒவ்வொரு இழையும் தன் இணையைத் தேடிப் பிடிக்கும். அவசரப்பட்டால் கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும். ஒருமுறை ஆவலில் நான் மூடியில் கை வைத்தபோது சிரித்துக்கொண்டே தடுத்தார்.

"அதும்பாட்டுக்கு உடுங்க சார். தானாச் சேந்துக்குமுங்க."

கூண்டுக்கான இழைகள் அப்படி ஆறிக்கொண்டிருந்தபோது தசரா வந்தது. அவர் ஊருக்குப் போயிருந்தார். ஆயுத பூஜைக்குக் கருவிகளையெல்லாம் கழுவித் துடைக்கச் சொன்ன துறைத்தலைவர், 'திறக்கக் கூடாது' என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்த பெட்டியையும் விடவில்லை. வெந்நீரைக் கொட்டி, குழாய்களையும் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். வெறும் பெட்டிக்குக் குங்குமம், சாமந்தி மாலை. கேட்டதற்கு, அந்த அம்மாவின் பெட்டிக்கு மட்டும் பூஜை வேண்டாமா என்று என்னையே மடக்கினார்.

திரும்பி வந்த கனகவல்லி மாலையை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு என்னிடம், "பூசையெல்லாம் நல்லாத்தானுங்க பண்ணியிருக்காங்க. தண்ணிய மட்டும் உட்டு வெச்சிருக்கலாம்" என்றார். அவர் சண்டை போடவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

மறுபடி இழைகள் வரவழைக்க அனுமதி கேட்டார். கோப்பு துறைத்தலைவர் மேசையில் தூங்கியது. இதற்கிடையில் இதே வகை வேலை ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. குழந்தை விளையாட்டு என்றவரே அதைக் கருத்தரங்கில் அதிசயமாக விளக்கினார். ஸ்லைடுகளை மாற்றிக்கொடுக்கச் சொன்னது யாரைத் தெரியுமா? கனகவல்லியை. அவரும் மாற்றிக்கொடுத்தார். அதன் பிறகுதான் அனுமதி கிடைத்தது.

இழைகள் வந்து சேர்ந்தபோது அவர் இல்லை. ஆளே போன பிறகு இதெல்லாம் எதற்கு, இடத்தை அடைக்கிறது, எடுத்துப் போடுங்கள் என்றார் துறைத்தலைவர். எடுத்தேன், என் அறைக்கு. பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். அதில் குங்குமக் கறை இன்னும் போகவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்தபடியே கலந்து, இன்று காலை கொதிநீர் ஊற்றி மூடினேன். இதை எழுதும் மேசையிலேயே பெட்டி இருக்கிறது. கூண்டு நிற்குமா என்று எனக்குத் தெரியாது. இதற்குள் இருவர் வந்து, உள்ளே என்ன என்று கேட்டு மூடிப் பக்கம் கையை நீட்டிவிட்டார்கள். கனகவல்லியைப் போலச் சிரித்துக்கொண்டு தடுக்க எனக்கு வரவில்லை. கையைத் தட்டிவிட்டேன்.