நல்ல கண் உள்ள மாப்பிள்ளை

என் தங்கை புருஷனை மரியாதைக்கு ‘அவர்’ என்றே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை என்று ஆகிவிட்டார், வேறு வழியில்லை.

அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் மேலாளர். யார் முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று சொல்வதுதான் வேலை. வட்ட முகத்துக்குச் சதுர ஃபிரேம், சதுர முகத்துக்கு வட்ட ஃபிரேம், அவ்வளவுதான் வித்தை. அதை வைத்துக்கொண்டு ஒழுங்காகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த மனிதர்தான். கடையைப் புதுப்பிக்க ஓர் இன்டீரியர் டிசைனர் வந்தாள். கல்லாவுக்குப் பின்னால் என்ன கலர் அடிக்கலாம் என்று பேச்சு வந்தபோது மாப்பிள்ளை ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். “உங்களுக்கு நல்ல கண் இருக்கு சார்” என்று அவள் சொல்லிவிட்டாள். கிளம்பும் அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள். அதோடு என் தங்கையின் வீடு குட்டிச்சுவர் ஆனது.

முதலில் ஹாலில் ஒரு சுவர் மட்டும் கருஞ்சிவப்பாக மாறியது. அதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூப்போட்ட வால்பேப்பர். அடுத்த வருஷமே அது பழைய ஃபேஷன் ஆகிவிட்டது என்று கிழித்துவிட்டுப் பச்சை அடித்தார். கூடவே ஒரு பிரம்பு ஊஞ்சல் வந்தது. கொக்கி தாங்காது என்பதால் அதில் யாரும் உட்காரக் கூடாது. பிறகு ஒருநாள் ஃபோனில் எதையோ பார்த்துவிட்டு அத்தனையையும் தூக்கிப் போட்டார். இனி வீடு முழுக்க பீஜ்தான் என்றார். பால் கூடிப்போன டீயின் நிறம் அது. சுவர், திரை, சோபா, தரைவிரிப்பு எல்லாமே அந்த நிறம். உள்ளே போனால் ஆறிப்போன டீக்குள் விழுந்த மாதிரி இருக்கும். மூலையில் ஆளுயர ஜாடியில் காய்ந்த புல் வைத்திருந்தார். காசு கொடுத்து வாங்கிய காய்ந்த புல். மாடு வாங்கப் போகிறீர்களா மாப்பிள்ளை என்று கேட்டேன். அதற்குப் பெயர் டெக்ஸ்சர் என்று விளக்கினார்.

அவர்களுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அவள் புத்தகங்களின் அட்டை கலர் கலராக இருந்து வீட்டின் ‘அமைதி’யைக் கெடுத்ததாம். அதனால் எல்லாவற்றையும் அலமாரியில் திருப்பி அடுக்கினார். பெயர் எழுதிய முதுகு உள்ளே, வெள்ளைத் தாளின் ஓரம் வெளியே. எது எந்தப் புத்தகம் என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க வேண்டும். பரீட்சை அன்று காலை வேதியியல் என்று நினைத்து வரலாற்றை உருவிக்கொண்டு ஓடியிருக்கிறாள். பஸ்ஸில் திறந்து பார்த்து அழுதாளாம். மாப்பிள்ளை வருத்தப்பட்டாரா? தடிமனைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாமே என்றார்.

தங்கை வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, பழைய துணியை இறுக்குவது, பிரிப்பது, எல்லாம் வரும். ஹால் ஜன்னலோரம் வெளிச்சத்துக்காக மெஷினைப் போட்டிருந்தாள். அது கண்ணை உறுத்துகிறது என்று பால்கனிக்குத் தள்ளினார். மழைச் சாரலில் வாடிக்கையாளர் துணி நனைந்ததும், தங்கை பின்தெருவில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து மெஷினை அங்கே கொண்டுபோனாள். அவள் சண்டை போடுகிற ரகம் இல்லை. போடுகிற ரகமாக இருந்திருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டியே வந்திருக்காது.

அப்புறம்தான் அந்தப் பத்திரிகை விவகாரம். வீட்டு அலங்காரத்துக்கென்றே வருகிற ஒரு பத்திரிகைக்கு மாப்பிள்ளை படம் அனுப்பியிருந்தார். அவர்களும் வேலை வெட்டி இல்லாமல் ஒரு போட்டோகிராபரை அனுப்பினார்கள். தங்கையும் மகளும் நல்ல உடை உடுத்தித் தலை வாரி சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். போட்டோகிராபர் இரண்டு தடவை கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டு இறக்கினான்.

“ஆள் இல்லாம எடுத்தா இன்னும் க்ளீனா இருக்கும் சார்.”

மாப்பிள்ளை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் மாடிப்படியில் இருக்கச் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரம் சாயங்காலம் வரை நீண்டது. ஏறி இறங்கியவர்கள் சாவி தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள் என் தங்கை. வேறு என்ன சொல்வாள்? கடைசியில் மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாக வந்து, படம் பிரமாதமாக வந்திருக்கிறது, உள்ளே வாங்க என்று கூப்பிட்டார். தங்கை எழுந்து உடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். பிள்ளைக்குப் பசிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கித் தையல் அறைக்குப் போய்விட்டாள். வழியில் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டு, துணி மூட்டைகளை ஒதுக்கி அங்கேயே படுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் எனக்கு ஃபோன் செய்தாள். “அண்ணே, உங்க வீட்ல ஸ்டவ் ஒண்ணு சும்மா கிடக்குன்னு சொன்னீங்களே, அது வேணும்” என்றாள். விஷயமே எனக்கு அப்போதுதான் தெரியும். குரலில் அழுகை இல்லை. ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பினேன்.

அந்த மாசப் பத்திரிகையை முடிவெட்டுகிற கடையில் பார்த்தேன். படத்துக்குக் கீழே, ‘அன்பான குடும்பத்தின் அழகான இல்லம்’ என்று போட்டிருந்தது.

மாப்பிள்ளை அசையவில்லை. தானாகத் திரும்பி வருவாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சில மாதம் கழித்து ஒருநாள் தையல் அறைக்கு வந்து நின்றார். பேன்ட் உயரம் குறைக்கக் கொடுத்துவிட்டு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். உட்காரச் சொன்னோம், அவர் உட்காரவில்லை.

“வீடு வெறிச்சுன்னு இருக்கு. ரெண்டு பேரும் கிளம்புங்க, போலாம்.”

தங்கை மெஷினை நிறுத்தினாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். மனுஷன் அதோடு வாயை மூடியிருக்கலாம்.

“இப்பல்லாம் எல்லாத்தையும் ஒழிச்சு வைக்கற அந்த மினிமல் ஸ்டைல் போயிடுச்சு. வீடுன்னா ஆள் புழங்கற மாதிரி தெரியணுமாம். புத்தகம் அங்கங்க கிடக்கலாம், துணிகூடக் கிடக்கலாம். எல்லாரும் அப்படித்தான் வைக்கறாங்க.”

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“சரிங்க, நாங்களும் வந்து கிடக்கறோம். நாளைக்கு இந்த ஸ்டைலும் போயிடுச்சுன்னா எங்க நிக்கறது?”

“அது அப்ப பாத்துக்கலாம்” என்றார்.

பொண்டாட்டியிடம் ஒரு பொய் சொல்லக்கூடத் துப்பில்லாத ஆள். தங்கை என் பேன்ட்டை ஊசிக்கடியில் வைத்து மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். அவர் கிளம்பிப் போனார்.

தங்கை மகளின் துணிமணிகளை எடுத்துவர ஒருநாள் நான்தான் அந்த வீட்டுக்குப் போனேன். ஹாலே மாறியிருந்தது. பீஜ் சுவர் பூராவும் பழைய கருப்புவெள்ளைப் படங்கள். கோட்டுப் போட்ட ஒரு கிழவர், ஒரு கல்யாண ஜோடி, தொட்டிலில் ஒரு குழந்தை. ஒரு முகம்கூட எனக்குத் தெரிந்ததாக இல்லை.

“இவங்கள்லாம் யாரு மாப்பிள்ளை?”

“தெரியாது மச்சான். பழைய சாமான் கடையில கிடைச்சுது. சுவத்துக்கு எவ்ளோ நல்லா செட் ஆகுது பாருங்க.”

“வர்றவங்க கேட்டா?”

“தாத்தா, பாட்டின்னு சொல்லிடறேன்.”

அவருடைய சொந்தக் கல்யாணப் படம் எங்கே என்று கேட்டேன். தங்கை அன்றைக்கு உடுத்தியிருந்த ஆரஞ்சு நிறம் கண்ணில் அடிக்கிறது என்று கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாராம். நான் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கையிலிருந்தது பையாக இல்லாமல் சுத்தியலாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. தங்கையிடம் இதைச் சொல்லவில்லை.

அவள் பக்கத்து அறையையும் சேர்த்துப் பிடித்துவிட்டாள். உதவிக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டிருக்கிறாள். மகள் கல்லூரிக்குப் போகிறாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார், யாரும் விரட்டுவதில்லை. துணி மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார், மகள் பேசினால் கேட்டுக்கொள்கிறார், போகும்போது தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். அப்பாவுக்குப் புத்தி வந்துவிட்டது என்று மகள் சொல்கிறாள். எனக்கென்னவோ, அதையும் ஃபோனில்தான் பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது.