பத்து வீத மான்கள்

எங்கள் நகரின் ஓர்ஸ் ஹில்லில் எனக்குக் கணிதம் படிப்பித்த ரியூசன் சேர், நகரத் தெருக்களில் திரியும் புள்ளிமான்களை வைத்து ஒருநாள் வீட்டுப்பாடம் தந்தார். இருநூறு மான்கள் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் பெருகினால் நாற்பது ஆண்டில் எத்தனை? கல்குலேட்டரில் ஒன்பதாயிரத்து ஐம்பத்திரண்டு வந்தது. அத்தனை மான் நின்றால் நாங்கள் நிற்க இடமிருக்காது என்று அந்த மனுசனுக்குத் தோன்றவே இல்லை. இருக்கிற மான்களே புல் இல்லாமல் பஸ் நிலையக் குப்பையில் பொலித்தீன் தின்கின்றன. அன்று காலையும் ஒன்று வயிறு ஊதி வீதியோரம் செத்துக் கிடந்தது. விடைக்குக் கீழே, “செத்தவை கழிக்கப்படவில்லை” என்று எழுதிக் கொடுத்தேன்.

சேர் அந்த வரியைச் சிவப்பால் வெட்டினார்.

“கணக்கில மான் சாகாது. கேட்டதுக்கு மட்டும் விடை எழுதும்.”

“ஓம் சேர்” என்றேன்.

பிறகு எங்கள் முன்னாலேயே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார். முடிந்ததும் சோறு சுற்றியிருந்த, குழம்பு ஒட்டிய பொலித்தீன் லஞ்ச் சீட்டைச் சுருட்டி, வழக்கம்போல ஜன்னலால் வெளியே எறிந்தார். அந்த நேரத்துக்கென்றே காத்து நிற்கும் இரண்டு மான்கள் அதற்காக முட்டிக்கொண்டன. சேர் கை கழுவி வந்து, பலகையில் அடுத்த கேள்வியை எழுதினார். அதிலும் மான்கள்தான். இம்முறை பதினைந்து வீதம் பெருகின.