ஆறிப்போன தேநீர்

மாத்தளையில் நான் ஒரு தமிழ்ப் பெண் கான்ஸ்டபிள். முஸ்லிம் கிராமத்தில் நல்லுறவுக் கூட்டம் என்றால் மொழிபெயர்க்க என்னைத்தான் அனுப்புவார்கள். எங்கே போனாலும் அதே கேள்வி, அதே மௌனம்.

அன்றும் பள்ளிவாசல் முற்றத்தில் எங்கள் பொலிஸ் நிலையத்தின் புதிய பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: “உங்க மார்க்கப்படி நடக்க ஏதாச்சும் தடை இருந்தா பயப்படாம சொல்லுங்க.”

யாரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் கொடுத்த தேநீரும் பணிசு ரொட்டியும் எல்லார் கையிலும் அப்படியே இருந்தன.

முன்வரிசைப் பெண்ணிடம் குனிந்து, “ஆறுதே, குடிங்க உம்மா” என்றேன்.

“நோன்பு, மகள்.”

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருந்த அலுப்பில் நோன்பு மாதம் என்பதே நினைவில் இல்லை.

“அப்புறம் ஏன் வாங்குனீங்க?”

“பொலிஸ் நீட்டினா வாணாம்னு எப்படிச் சொல்ற?”

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அவர் தன் கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். கூட்டத்தை அத்தோடு முடித்தார்.

இன்னும் அந்தக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இப்போதெல்லாம் தேநீரை நீட்டுவதற்கு முன், வேண்டுமா என்று கேட்கிறேன்.

எல்லோரும் வேண்டும் என்றே சொல்கிறார்கள்.