ஆஸ்டின் வரை ஓசி

2006 மே, மெமோரியல் டே விடுமுறை. ஜெர்சி சிட்டியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். டெக்சாஸின் ரிச்சர்ட்சனில், டெலிகாம் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் சாலைக்குப் பக்கத்தில் வீடு. மறுநாள் ஆஸ்டின் போவதாகத் திட்டம். சுமார் இருநூற்றுப் பத்து மைல்.

காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. அக்கா கணவர் சலீம் மச்சான் என் காதில், "ஓசி வந்துட்டான்டா, கெளம்பு" என்றார்.

ஓசி என்பது காபோர். மச்சானுடன் வேலை பார்க்கும் ஹங்கேரிக்காரர். தினமும் மதியம் அக்கா கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் பாதி இவருக்குத்தானாம். அதனால் அந்தப் பெயர். ஆபீஸில் இருக்கும் நம்மவர்கள் எல்லா வெள்ளைக்காரர்களுக்கும் இப்படித் தமிழில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எதிரில் வைத்துக்கொண்டே பேசலாம் அல்லவா? எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. வண்டி அவருடையது, ஓட்டுபவரும் அவர், வழியில் வேக்கோ ஊரில் கேலன் இரண்டே முக்கால் டாலருக்குப் பெட்ரோல் போட்டவரும் அவர்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

வேக்கோ தாண்டியதும் காபோர் பேச ஆரம்பித்தார். சின்னச் சின்னக் கொச்சைச் சொற்களின் ஊரைத் தேடுவதில் அவருக்குப் பைத்தியம். ஹங்கேரியில் இளவட்டங்கள் சாப்பாட்டைக் 'கயா' என்பார்களாம், குடிப்பதைப் 'பியா' என்பார்களாம். இரண்டும் ஜிப்சிகளின் ரோமானி மொழியிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் நண்பனைச் சொல்லும் 'பால்' கூட அவர்களுடையதே, அண்ணன் தம்பி என்று பொருள்.

"அவர்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள். உங்கள் ஊர்க்காரர்கள்தான் எங்களுக்குச் சோறும் சகோதரனும் கொடுத்தது" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "சலீம், என்னை ஓசி என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது?"

மச்சான் அசரவே இல்லை. "இட் மீன்ஸ் க்ளோஸ் ஃப்ரெண்ட், மேன்" என்றார். நானும் பின்சீட்டிலிருந்து தலையாட்டினேன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் காசில்லாமல் போன தபாலில் ஓ.சி. என்று குத்துவார்களாம், அதுதான் ஓசியின் பிறப்பு என்பார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினொன்றரைக்கு ஆஸ்டின். மச்சானுக்கு வாணியம்பாடி சிநேகிதர் ஒருவர் வீட்டில் பிரியாணி. அவர் வெளியே போயிருக்க, அவர் மனைவி ரஹ்மத் ஆன்ட்டி வரவேற்றார். காபோர் நெஞ்சில் கைவைத்து, வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருப்பார் போல, "நான் சலீம் ஓசி" என்றார், தமிழில்.

ஆன்ட்டி திகைத்து நின்றார். ஒன்பது வயது மகள் சமீரா குலுங்கிச் சிரித்தாள். "மாம், ஓசி மீன்ஸ் ஃப்ரீலோடர், ரைட்? ஒய் இஸ் ஹி சேயிங் தட்?"

"ஏய், சும்மா இருடி!" என்று ஆன்ட்டி அதட்டினார். சிறுமி சொன்னது உண்மை என்று காபோருக்குப் புரிய அந்த அதட்டலே போதுமானதாக இருந்தது. மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

காபோர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மச்சானைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "தினமும் நீங்கள்தானே 'சாப்பிடு, சாப்பிடு' என்றீர்கள்? வேண்டாம் என்றால் உங்கள் மனைவி வருத்தப்படுவார் என்றீர்களே?"

உண்மைதான். நம் பழக்கம் அது. கையைப் பிடித்து உட்கார வைப்போம், போதும் போதும் என்றாலும் இன்னொரு கரண்டி வைப்போம், அவர் கை கழுவப் போனதும் பெயர் வைப்போம். விருந்தோம்பலில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று மேடைதோறும் பேசுகிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஆன்ட்டிக்காக அவர் இரண்டு வாய் பிரியாணி சாப்பிட்டார். மச்சான் இரண்டு முறை "சாரி" சொன்னார். "இட்ஸ் ஓகே" என்றார் காபோர். மூன்று மணிக்குக் கிளம்பினோம். வண்டியில் கொச்சைச் சொல் எதுவும் பேசப்படவில்லை.

பாதி வழியில் ஓய்வெடுக்க நிறுத்தினோம். நல்ல வெயில். அக்கா கொடுத்தனுப்பிய ஐஸ் பெட்டியில் தண்ணீர் பாட்டில்கள் கிடந்தன. காபோர் பெட்டி அருகில் நின்று மச்சானிடம் கேட்டார்: "மே ஐ டேக் ஒன்?"

"என்ன மேன், எடு மேன், டோன்ட் ஆஸ்க்" என்று மச்சான் பதறி, தானே எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார்.

"தேங்க் யூ, சலீம்" என்றார் காபோர். நம் வீடுகளில் நெருங்கியவர்கள் அதைச் சொல்வதில்லை.