இரண்டு குரல்

பக்கத்து அறையில் மகள் படித்துக்கொண்டிருந்தாள். போர்ச்சுகலில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த நாட்டு மொழியில் 'பேசு' என்கிற வினையை உருப்போடுகிறாள். "எவு ஃபாலு, து ஃபாலஷ், எலா ஃபாலா." நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவள் பேசுகிறாள். அவள் ஒரு தடவை சொல்ல, போனிலிருந்து இன்னொரு பெண்குரலும் அதையே சொன்னது. எனக்குக் கை ஓடவில்லை.

நார்த்தாமலையில் எங்கள் அம்மா அடுப்படியில் இருந்தபடி காதாலேயே எங்களைக் காவல் காப்பாள். நானும் அக்காவும் கொல்லையில் வாய்ப்பாடு கத்த வேண்டும். சத்தம் நின்றால் அகப்பையோடு வந்துவிடுவாள். அன்றைக்கு அக்கா, "குவாரித் தண்ணியில ஒரு முங்கு போட்டுட்டு ஓடியாந்துர்றேன். எனக்கும் சேத்து நீயே சொல்லுடி" என்றாள். என் குரலில் ஒரு வரி, அவள் குரலில் ஒரு வரி என்று பதினாறாம் வாய்ப்பாடு வரை சொன்னேன். அம்மா எட்டியே பார்க்கவில்லை. சாயங்காலம் அக்காவைத் தூக்கிவந்தார்கள்.

"ரெண்டு பேரு சத்தமும் கேட்டுச்சேங்க" என்று சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா. நான் வாயே திறக்கவில்லை.

எழுந்துபோய் மகளின் கதவைத் தள்ளினேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சத்தம் கேட்டுச்சு."

அவள் படிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். போன் மட்டும் நிறுத்தவில்லை.

"எலா ஃபாலா."